காலியாகத் திரும்பிய தட்டு

எங்கள் தெருவில் தறிச்சத்தம் நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும். செல்லூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். சித்திரை மாதம் ஒரு பிற்பகல், கரண்ட் போய்த் தெரு முழுக்க விசைத்தறிகள் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. கண் விழித்தேன். கட்டில் பக்கத்தில் மகன் வழிப் பேத்தி, கையில் போனோடு.

“அப்பத்தா, இதப் பாருங்களேன். ஆறு மாசத்துல டயட்டீசியன் ஆகிரலாமாம். வீட்ல இருந்தே படிக்கலாமாம்.”

பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவள். மாநகராட்சிப் பள்ளியில் உயிரியல் எடுத்துப் படித்தவள். நான் முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் டயட் எழுதிய கதைகளைக் கேட்டே வளர்ந்தவள், அந்த வேலைக்கே வர ஆசைப்படுகிறாள் என்பதில் எனக்கு இருக்கிற சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அவள் அப்பன் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறவன். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் படிக்க நிற்கிறார்கள். பட்டம் மூன்று வருடம், மேலே முதுநிலை இரண்டு வருடம், அப்புறம் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று நான் விரல் மடக்கிச் சொன்னபோது மகன் முகம் வாடியதை அவளும் பார்த்திருக்கிறாள். அதனால்தான் இந்த ஆறு மாதத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

அன்று அவளிடம் சொன்னதை, இதே படிப்பை மனதில் வைத்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று நினைப்பதில் ஒரு தப்பும் கிடையாது தாயி. நானும் கிட்டத்து வழியில் வந்தவள்தான். அந்தக் காலத்தில் பதினோராம் வகுப்பு, பி.யூ.சி. ஒரு வருடம், ஹோம் சயின்ஸ் பட்டம் மூன்று வருடம். முதுநிலைக்குப் போக வீட்டில் வசதி இல்லை. டயட்டெடிக்ஸில் ஓராண்டுப் பட்டயம் இருந்தது, சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எம்.எஸ்ஸி. முடித்து வருவதற்குள் நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வார்டில் நின்றேன். 22 வயது. மாதச் சம்பளம் வந்தது, அம்மா தார் சுற்றுவதை நிறுத்தினாள். இதெல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நடந்த ஒன்றை நீ கேட்க வேண்டும்.

காசநோய்க்காரர் ஒருவர். நாற்பது வயது இருக்கும், எலும்பும் தோலுமாக வந்திருந்தார். டாக்டர் ‘அதிகப் புரத உணவு’ என்று சீட்டில் எழுதிவிட்டார். நான் கணக்குப் போட்டேன். படித்ததெல்லாம் சுடச்சுட ஞாபகம் இருந்த வயது. எடைக்கு இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம், அதற்கு இரண்டு முட்டை, இவ்வளவு பால், பருப்பு, ரொட்டி. சமையல்கட்டுக்குச் சீட்டுப் போனது, தட்டு வார்டுக்குப் போனது. சாயங்காலம் தட்டுகள் திரும்பி வரும்போது வாசலில் நின்று பார்ப்பது என் பழக்கம். அவர் தட்டு கழுவி வைத்த மாதிரி காலியாக வரும். நோட்டில் ‘நன்றாகச் சாப்பிடுகிறார்’ என்று எழுதுவேன். ஒன்பது நாள் அப்படியே எழுதினேன்.

பத்தாவது நாள் எடை பார்த்தார்கள். வந்த அன்று இருந்ததைவிட ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. புத்தகத்தைத் திறந்து, சத்து உடம்பில் ஒட்டாமல் போவதற்கு என்னென்ன காரணம் என்று இரவெல்லாம் தேடினேன். மறுநாள் தட்டு எடுக்கிற ஆயாம்மா, என் தவிப்பைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அந்தாளு எங்கத்தா திங்குறாரு? மாத்திரை போட்டா ஓங்கரிச்சுக்கிட்டுக் கெடக்காரு. அந்தச் சோத்தத் திங்கிறது பொண்டாட்டி. அதுக்குந்தான் யாரு சோறு போடுறா?”

உசிலம்பட்டிக்கும் தள்ளி ஒரு வானம் பார்த்த ஊர். புருசனைச் சேர்த்துவிட்டு வந்த பஸ் காசோடு கைக்காசு தீர்ந்துவிட்டது. துணைக்கு இருப்பவருக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு கிடையாது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு ‘நீ தின்னு’ என்று தள்ளிவிடுவார். அவள் தின்றிருக்கிறாள். பசி ஒரு பக்கம், என் மேலிருந்த பயம் ஒரு பக்கம். முதல் நாளே நான் அந்த வார்டில் நின்று, ‘சர்க்கார் சாப்பாட்டை வீணாக்கித் திருப்பி அனுப்பாதீங்க’ என்று சத்தம் போட்டிருந்தேன். தட்டு காலியாக வந்ததற்குக் காரணம் நான்தான்.

பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். கணக்கிலும் பிழை இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டின்போது அந்தக் கட்டில் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அதற்கப்புறம் உட்கார்ந்தேன். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குக் குமட்டல், சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் டிராலி போகிறது. சிஸ்டரிடம் பேசி மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பிரித்தோம். மூன்று வேளை நிறைத்து வைப்பதை விட்டு ஆறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். பால்கஞ்சி அவருக்கு இறங்கியது. முட்டையை அவித்துக் கொடுத்தால் தொடமாட்டார், கஞ்சியில் அடித்துக் கலந்தால் குடித்தார். மூன்றாவது வாரம் எடை ஏறத் தொடங்கியது.

இனி உன் போனில் இருப்பதற்கு வருகிறேன்.

நம் நாட்டில் 2021இல் ஒரு சட்டம் வந்தது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையத்தை உருவாக்கிய சட்டம். பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி போன்றவற்றோடு ஊட்டச்சத்து வல்லுநர்களையும் டயட்டீசியன்களையும் அது பட்டியலில் சேர்த்திருக்கிறது. எங்கள் தலைமுறை நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்த அங்கீகாரம் அது. அந்தச் சட்டத்தில் ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். இத்துறைகளில் வல்லுநர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அந்தப் பட்டப்படிப்பு 3,600 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அந்த மணி நேரத்தை மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் பரப்பிக்கொள்ளலாம். வருடத்தில் தாராளம் காட்டிய சட்டம் மணி நேரத்தில் கறாராக நிற்பதைப் பார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2024 ஜனவரி 1 முதல் அங்கே பதிவுபெற்ற டயட்டீசியன் தேர்வு எழுத முதுநிலைப் பட்டம் கட்டாயம். படிப்பு நீண்டதும் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பட்டத்தையும் முதுநிலையையும் ஒன்றாகக் கோத்து ஐந்து வருடத்தில் முடிக்கும் வழிகளைத் திறந்தன. பட்டப்படிப்பின் கடைசி வருடத்திலேயே முதுநிலைப் பாடங்களில் சில தொடங்கிவிடும், ஒரே பாடத்தை இரண்டு முறை படிக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளிகளோடும் சமையல்கட்டோடும் பழகும் மேற்பார்வைப் பயிற்சி 1,000 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம்.

உன் அப்பன் பட்டறையிலேயே இதைப் பார்க்கலாம். கைத்தறியில் ஒரு நாளில் இறங்கிய துணி விசைத்தறியில் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது. ஆனால் ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏற்றும்போது பிணைக்க வருகிறவர் என்ன செய்கிறார்? பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, விரலால் முறுக்கி, அடுத்தது. ஆயிரக்கணக்கில். அவரை அவசரப்படுத்திப் பார், துணி முழுக்க இழை அறுந்து நிற்கும்.

ஆகவே வேகப் படிப்பு என்று எது வந்தாலும் இரண்டைக் கேள். எதைக் குறைத்து வேகமாக்கினார்கள்? வார்டில் எத்தனை மணி நேரம்? ஒரே பாடத்தைத் திரும்பப் படிப்பதையும், ஒரு படிப்புக்கும் அடுத்த படிப்புக்கும் நடுவில் வீணாகும் மாதங்களையும் குறைத்திருந்தால் தைரியமாகச் சேர். வார்டையே எடுத்துவிட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே. நீ காட்டிய விளம்பரத்தில் வார்டு எங்கேயும் இல்லை. சான்றிதழ் உண்டு, தள்ளுபடி உண்டு, இன்றே கடைசி நாள் என்று சிவப்பு எழுத்து உண்டு. தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் இந்தப் படிப்பை நடத்துவதைப் பல்கலைக்கழக மானியக் குழுவே 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்தச் சொல்லிவிட்டது. பட்டத்துக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் ஆறு மாதச் சான்றிதழை வைத்து எந்த ஆஸ்பத்திரியில் போய் நிற்பாய்?

‘வார்டில் அப்படி என்ன அப்பத்தா கற்றுக்கொள்வது?’ என்று கேட்டாய். உட்கார், சொல்கிறேன்.

‘சோறே தொடுறதில்லம்மா’ என்பார் சர்க்கரைக்காரர். காலையில் ஆறு இட்லி, ராத்திரி ஆறு இட்லி. இட்லியும் அரிசிதான் என்பது அவர் கணக்கில் வராது. ‘ஒரு கரண்டி எண்ணெய்தான் ஊத்துறேன்’ என்பாள் ஒருத்தி. அந்தக் கரண்டியை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லிப் பார்த்தால் அது குழம்புக் கரண்டி. நேற்று காலை எழுந்ததிலிருந்து இன்று காலை வரை வாயில் போட்டதையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்பது எங்கள் தொழிலின் அடிப்படை வேலை. எழுதிக் கொடுத்த கேள்விகளைப் படித்தால் பாதிதான் வரும். டீக்கடையில் நின்று குடித்தது, பேரன் மிச்சம் வைத்தது, தறியில் நிற்கும்போது மென்ற முறுக்கு, இதெல்லாம் பேச்சோடு பேச்சாகத்தான் வெளியே வரும்.

சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும், உயிருக்கே ஆபத்து. இதைப் புத்தகம் சொல்லிவிடும். ஆனால் நம் ஊரில் யார் படுத்தாலும் பார்க்க வருகிறவர்கள் கையில் இளநீரோடுதான் வருவார்கள், பாசத்தோடு வாயில் ஊற்றுவார்கள், அந்த இளநீர் முழுக்கப் பொட்டாசியம். ‘பழம் சாப்பிடாதீங்க’ என்று சொல்லிவிட்டு இளநீரைச் சொல்ல மறந்தால் நீ சொன்னதில் பாதி வீண். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும். ஏனென்றால் காய் வெந்த தண்ணியில்தான் சத்து என்று அந்த அம்மாவுக்கு அவள் மாமியார் சொல்லியிருப்பார், அது மற்றவர்களுக்கு உண்மையும்கூட.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துப் பார். வழியெல்லாம் பானகப் பந்தல். நம் சர்க்கரைக்காரர்கள் விடிய விடியக் குடித்துவிட்டு வருவார்கள். சாமி காரியம், வேண்டாம் என்று உன்னால் சொல்ல முடியாது. நீர்மோர்ப் பந்தலில் நில்லுங்கள், பானகத்தை ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். கோரிப்பாளையத்துப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ரம்ஜான் நோன்புக்கு முன்னாலேயே, டாக்டரைக் கலந்துகொண்டு, சஹர் சாப்பாட்டையும் இன்சுலின் நேரத்தையும் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்தில் தாள் இருக்கிறது? 2017இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்துக் கணக்கு இருக்கிறது. அருமையான புத்தகம், நீ மனப்பாடமே செய்யலாம். முருங்கைக்கீரையில் என்ன இருக்கிறது என்று அது சொல்லும். அந்தக் கீரை அவர்கள் வீட்டு அடுப்பில் ஏறுமா என்பதை அவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை முதலில் நான் பார்த்தது கல்லூரியில் இல்லை. நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், இன்றைக்கு ராஜாஜி மருத்துவமனை என்கிறோமே, அப்போது எர்ஸ்கின் ஆஸ்பத்திரி, அங்கே. 1970களின் தொடக்கம். வைட்டமின் ஏ குறைவால் பிள்ளைகள் கண்ணை இழந்துகொண்டிருந்த காலம். கண் மருத்துவத் துறையில் இருந்த டாக்டர் வெங்கடசாமி, பின்னால் 1976இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர், அப்போதே அந்தப் பிள்ளைகளுக்காக ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை முன்னின்று நடத்தினார். ஆக்ஸ்ஃபோர்டில் கண் உயிர்வேதியியல் ஆய்வில் பேர் வாங்கிய அன்டோனெட் பிரீ அம்மையாரும் இந்த வேலையில் கைகொடுத்தார். மருந்து கொடுத்து அனுப்பினால் பிள்ளை மறுபடியும் அதே குறையோடு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் தாயையும் பிள்ளையோடு தங்கவைத்து, ஊரில் மலிவாகக் கிடைக்கிற கீரையையும் பயறையும் வைத்துச் சமைக்கப் பழக்கினார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு மாலைக்கண். அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். கீரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும் என்று அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். என் புத்தியில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது.

நம் மதுரை மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய சொந்தம் உண்டு. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது கொட்டாம்பட்டி ஒன்றியத்தைத்தான். மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்து, ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். அந்த எடைத் தராசைப் பிடித்தவர்கள் பெரிய படிப்புப் படிக்காத கிராமத்துப் பெண்கள். 2022 செப்டம்பர் 15இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்கூட 1918இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ஒரே ஓர் அறையில் தொடங்கியதுதான். அதை வளர்த்தவர்களில் முக்கியமானவரான டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர், நூறு வயது வரை இருந்தவர். பிள்ளைகளுக்குப் புரதம் போதவில்லை என்று உலகமே புரதப் பொடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர்களுக்கு முதலில் வயிறு நிறையச் சோறே போதவில்லை என்று எடுத்துச் சொன்னவர் அவர். அந்தக் காசநோய்க்காரர் மனைவியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகமும் வரும்.

சரி, இனி உன் காரியம். என் யோசனை இதுதான். ஊட்டச்சத்து, டயட்டெடிக்ஸ் சேர்ந்த பட்டப்படிப்பில் இந்த வருடமே சேர்ந்துவிடு. வேறு எதிலாவது சேர்ந்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்று ஒரு வருடத்தைத் தொலைக்காதே, அதுவே பெரிய மிச்சம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை நீ படித்தது மாநகராட்சிப் பள்ளி, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் கணக்குக்கே வரும், பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அப்பனிடம் கை நீட்ட வேண்டாம். உயிர்வேதியியல் கசக்கும். எனக்கும் கசந்தது. முதல் வருடமே அதைப் பிடித்துக்கொள், பிற்பாடு எல்லாப் பாடமும் அதன் மேல்தான் நிற்கிறது. கோடை விடுமுறைகளில் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் நிற்க அனுமதி கேள், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மூன்று வருடம் முடிந்ததும் வீட்டு நிலைமையைப் பார்ப்போம். தாக்குப்பிடிக்க முடிந்தால் முதுநிலை. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் இருக்கிறது, பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. முடியாவிட்டால் நான் போன மாதிரி ஓராண்டுப் பட்டயம், அதோடு ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நாலு வருட ஹானர்ஸ் பட்டம் முடித்தவர்கள் முதுநிலையை ஒரே வருடத்தில் முடிக்கலாம் என்று மானியக் குழு 2024இல் வழி திறந்திருக்கிறது, ஆனால் நம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்று வருடப் பட்டம்தான், அதனால் சேருமுன் கல்லூரியில் தெளிவாகக் கேட்டுக்கொள். எந்த வழியில் போனாலும் 1963இல் தொடங்கிய இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வை எழுதி முடி. புதிய சட்டத்தின் பதிவேட்டில் உன் பெயர் ஏற வேண்டும். இதைப் பயிற்சி முடிந்த கையோடு செய், கல்யாணம் காட்சி என்று தள்ளிப்போட்டு விட்டுவிட்ட என் தோழிகள் பலர் இன்று வருந்துகிறார்கள். உன் அப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன். என் பென்ஷன் எதற்கு இருக்கிறது?

இவ்வளவும் சொல்லி முடித்தபோது கரண்ட் வந்து, ஒவ்வொன்றாகத் தறிகள் ஓட ஆரம்பித்தன. பேத்தி போனை எப்போதோ கவிழ்த்து வைத்திருந்தாள். கல்லூரி பற்றியோ கட்டணம் பற்றியோ கேட்பாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“அப்பத்தா, அந்த அம்மா அப்புறம் எங்க சாப்பிட்டாங்க?”

முதல் இரண்டு நாள் நானும் வார்டு சிஸ்டரும் எங்கள் டிபன் பாக்ஸிலிருந்து பங்கு வைத்தோம். மூன்றாவது நாள் சமையல்காரர் கேள்விப்பட்டுவிட்டு, “அண்டாவுல அடிக்கஞ்சி தெனமும் நிக்கிது, எதுக்கும்மா ஒங்க சோத்தக் குடுக்கிறீக?” என்றார். அன்றிலிருந்து பதினொன்றரை மணிக்கு, டிராலி கிளம்புவதற்கு முன்னால், சமையல்கட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டுவிட்டுப் போனாள். புருசன் தட்டு வார்டுக்குப் போய்ச் சேரும்போது அவள் வயிறு நிறைந்திருக்கும்.